ஒரே மடலில் இரண்டு சாறு

நெம்மேலியில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கடல் பக்கம் இறங்கினால் கால் புதையும் மணல் வந்துவிடும். சவுக்கு, பனை, தென்னை, அலைக்கு அருகே படர்ந்து கிடக்கும் அடம்புக்கொடி. மேற்கே போனால் பக்கிங்காம் கால்வாயும் அதையொட்டிய உவர் நிலமும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வீடுகளில், பழைய பெயின்ட் டப்பாவிலோ விரிசல் விட்ட குடத்திலோ வேலியோர மணலிலோ சோற்றுக் கற்றாழை நிற்கும். அதற்கு உரம் வைப்பவர்கள் குறைவு. சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்ற மறந்துபோனாலும் அது சாவதில்லை. மடல் கொஞ்சம் மெலியும், நுனி செம்பழுப்பாகும், முதல் மழைக்கு மறுபடி பருக்கும்.

சென்னைவாசிகளுக்கு நெம்மேலி என்றவுடன் நினைவுக்கு வருவது தண்ணீர்தான். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் இங்கே 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் திறன் கொண்ட இன்னொன்று 2024 பிப்ரவரியில் வந்தது. உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தப் பிடியிலிருந்து தண்ணீரை மீட்க, வளிமண்டல அழுத்தத்தைப் போல 50 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் கடல்நீரைச் சவ்வுக்குள் தள்ள வேண்டியிருக்கிறது. மின்சாரம் இல்லாமல் நடக்காத வேலை இது. உப்புக்காற்றும் உவர்மண்ணும் சூழ நிற்கும் கற்றாழைக்கும் அதே சிக்கல்தான். வேருக்குக் கிடைக்கும் தண்ணீர் குறைவு, கிடைப்பதையும் உப்பு பிடித்து இழுக்கிறது. கற்றாழை இதை வேறு வழியில் சமாளிக்கிறது: ஒருமுறை உள்ளே வந்த தண்ணீரை வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறது. அதை எப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால் வீட்டில் அந்த மடலை எங்கே வெட்ட வேண்டும், எதைத் தோலில் தடவலாம், எதை வாயில் வைக்கவே கூடாது என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். மருத்துவக் குறிப்புகளை மனப்பாடம் செய்வதைவிட இது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தச் செடி நம் மண்ணில் பிறந்ததல்ல. கற்றாழைப் பேரினத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. நம் வீட்டுக் கற்றாழை அரேபியத் தீபகற்பத்திலிருந்து கிளம்பியது என்று 2015இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று சொல்கிறது. அங்கிருந்து அது கடல் வணிகர்களோடு எல்லாப் பக்கமும் போயிருக்கிறது. தமிழகக் கடற்கரைக்கு எப்போது வந்ததென்று தேதி போட முடியாது. ஆனால் வந்து வெகுகாலமாகி, இந்த மணலிலேயே வேர்விட்டுப் பரவிவிட்டது. லின்னேயஸின் மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு ஆற்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கும்பினியிடமும் வேலை பார்த்த தாவரவியலர். கடலோரத்தில் வளரும் சிறிய வடிவத்தை ‘லிட்டோராலிஸ்’ என்று தனியாகக் குறித்தவர் அவர். பின்னால் வந்தவர்கள் அதையும் ஒரே இனத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த இனத்தின் அறிவியல் பெயர் அலோ வெரா என்று நிலைத்ததே ஒரு நூலிழையில்தான். நிக்கோலாஸ் புர்மனின் நூல் 1768 ஏப்ரல் 6இல் அந்தப் பெயரோடு வெளிவந்தது. பத்து நாள் கழித்து பிலிப் மில்லரின் அகராதி அதே செடிக்கு அலோ பார்படென்சிஸ் என்று வேறு பெயர் வைத்தது. முந்தியது வென்றது. கடையில் விற்கும் களிம்புகளின் உறைமேல் இன்றும் இரண்டாவது பெயரைக் காணலாம்.

இனி, உள்ளே வந்த தண்ணீரைக் கற்றாழை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும் மூச்சுக் கணக்கு. செடி உணவு தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். அதை உள்ளே விட இலைத்துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் அதே துளை வழியாகத் தண்ணீர் ஆவியாகி ஓடும். வெளிச்சம் இருக்கும்போதுதான் உணவு தயாரிக்க முடியும் என்பதால் நெல், தென்னை, வேம்பு எல்லாம் பகலில் துளையைத் திறக்கின்றன. ஒரு கிராம் கரியமில வாயுவைப் பிடிக்க இவ்வகைச் செடிகள் 400 முதல் 500 கிராம் தண்ணீரை இழக்கின்றன. கற்றாழையும் கள்ளியும் இருக்கும் கூட்டத்துக்கு 50 முதல் 100 கிராம் போதும். காரணம், அவை துளையைத் திறப்பது இரவில். காற்று குளிர்ந்து ஈரப்பதம் ஏறிய நேரத்தில் கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக்கிப் பச்சைத் திசுவுக்குள் சேமிக்கும். விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு, மூடிய அறைக்குள்ளேயே அந்த அமிலத்தை உடைத்துக் கரியமில வாயுவை எடுத்துச் சர்க்கரை செய்யும்.

இதன் தொடக்ககாலத் தடயங்களில் ஒன்றைக் கண்டவர் நம் பக்கத்திலேயே வாழ்ந்தவர் என்பது தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய செய்தி. பெஞ்சமின் ஹைன் என்ற ஜெர்மானியர் சமயப் பணிக்காகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னை மாகாணத்தில் கும்பினியின் இயற்கையியலராக இருந்தார். 1819இல் சென்னையிலேயே இறந்தார். அவர் ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு. ஒரே இலை, ஒரே செடி. 1813இல் இதை லண்டனுக்குக் கடிதமாக எழுதினார். லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அது அச்சானது. புளிப்பின் பொருள் முழுவதும் விளங்க இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் பொருள்கள் இருப்பதால் ஹைன் செய்தபடி மென்று பார்க்கச் சொல்லமாட்டேன். பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும் அமிலத்தன்மை காட்டும் தாள் போதும். விடியற்காலையில் கிள்ளிய இலையின் சாற்றையும் மாலையில் கிள்ளியதையும் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கற்றாழையின் பச்சைத் தோலிலும் இதைச் செய்யலாம்.

வாசல் நிலையில் வேரோடு தலைகீழாகக் கட்டிய கற்றாழையைச் செங்கல்பட்டு மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். திருஷ்டிக்காகக் கட்டுகிறார்கள். மண் இல்லை, தண்ணீர் இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும், சில நேரம் பூத்தண்டும் விடும். தெய்வ சக்தி என்பார் உண்டு. எனக்கு அதன் உடற்செயல் அதைவிடப் பெரிய வியப்பு. தண்ணீர் அறவே நின்றுபோனால் இந்த வகைச் செடி இரவில்கூடத் துளையைத் திறப்பதில்லை. தான் மூச்சுவிடும்போது உண்டாகும் கரியமில வாயுவையே பிடித்து அமிலமாக்கி, பகலில் அதையே மறுபடி பயன்படுத்திச் சுற்றிச்சுற்றி ஓட்டும். வளர்ச்சி கிடையாது, இழப்பும் அநேகமாகக் கிடையாது. கட்டி வைத்த செடியை அருகில் போய்ப் பாருங்கள். வெளிச்சுற்றில் உள்ள முதிர்ந்த மடல்கள் முதலில் சுருங்கி நெளியும், நடுக்குருத்து கொழுமையாகவே இருக்கும். மடலின் நடுவிலிருக்கும் வழுவழுப்பான சோற்றிலிருந்து தண்ணீர் மெல்ல மெல்லப் பச்சைத் திசுவுக்குப் போகிறது. புதிதாக வளரும் பகுதி மட்டும் வளைந்து வானத்தை நோக்கித் திரும்பியிருக்கும். புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று வளர்நுனிக்குத் தெரியும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லித் தாண்டுகிறேன். கற்றாழை இரவெல்லாம் ஆக்சிஜன் தருமாம், படுக்கையறையில் வைத்தால் காற்று சுத்தமாகுமாம். இரவில் அது கரியமில வாயுவை வாங்குகிறது என்பது உண்மை. ஆனால் ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். இருட்டில் எந்தச் செடியும் அதைத் தயாரிப்பதில்லை. காற்றைச் சுத்தம் செய்யும் கதை 1989இல் நாசா விஞ்ஞானி வொல்வர்ட்டன் அடைத்த பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து கிளம்பியது. 2019இல் அந்த வகைச் சோதனைகளையெல்லாம் தொகுத்துக் கணக்கிட்டவர்கள், சாதாரண அறையில் இருக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி, சில பொருள்களுக்கு 1000 வரை வேண்டும் என்று கண்டார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கற்றாழையை வெயில் படும் இடத்தில் வையுங்கள்.

இப்போது கத்தியை எடுக்கலாம். முதிர்ந்த வெளிமடல் ஒன்றை, தண்டை ஒட்டி, அடியோடு அறுங்கள். அறுத்த வாயைக் கவனியுங்கள். விளிம்பை ஒட்டி, பச்சைத் தோலுக்குச் சற்று உள்ளே, வரிசையாக மஞ்சள் புள்ளிகள் கிளம்பும். சில நொடியில் அவை துளியாகி வழியும். விரலில் பட்டால் பிசுபிசுக்கும், துணியில் பட்டால் கறை பிடிக்கும், நாக்கில் பட்டால் அரை மணி நேரம் போகாத கசப்பு. நடுவில் இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றிலிருந்து இந்த மஞ்சள் வருவதில்லை. தண்ணீரையும் உணவையும் கடத்தும் குழாய்க் கற்றைகள் தோலுக்கும் சோற்றுக்கும் நடுவே ஓடுகின்றன. அவற்றின் வெளிப்புறத்தில் உள்ள பெரிய செல்களில்தான் மஞ்சள் பால் நிரம்பியிருக்கிறது. மடலைக் கடிக்க வரும் ஆடு, பூச்சி எதுவானாலும் தோலைக் கடித்த கையோடு இந்தக் கசப்பைச் சந்திக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர்க் கிடங்குக்கு இதுதான் காவல்.

ஆக, ஒரே மடலில் இரண்டு வேறு பொருள்கள். சோறு 98.5 முதல் 99.5 சதவீதம் தண்ணீர். மீதியில் முக்கியமானது அசிமன்னான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி. தண்ணீரைப் பிடித்து வழுவழுப்பாக வைத்திருப்பது அதுதான். மஞ்சள் பாலில் இருப்பது அலோயின் முதலான ஆந்த்ராகுயினோன்கள். பெருங்குடலில் வாழும் பாக்டீரியா அலோயினை உடைத்து இன்னொரு பொருளாக மாற்றும். அது குடல் சுவரைத் தூண்டித் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். விளைவு கடும் பேதி. இந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கியதுதான் நாட்டு மருந்துக் கடையில் கருங்கட்டியாகக் கிடைக்கும் கரியபோளம், மூசாம்பரம். உலகச் சந்தையில் நூற்றாண்டுகளாக விலைபோன கற்றாழை இதுதான், சோறு அல்ல. கேரளத்தில் குழந்தைக்குத் தாய்ப்பாலை மறக்கடிக்க முலைக்காம்பில் தடவுகிற சென்னிநாயகமும் இதே கட்டிதான்.

நம் வீட்டுப் பெரியவர்கள் சோற்றை ஏழு தண்ணீரில் அலசச் சொல்வார்கள். ஏழு என்ற எண்ணில் ஒன்றுமில்லை, அலசுவதில்தான் எல்லாம் இருக்கிறது. அலோயின் தண்ணீரில் கரையும். ஒவ்வொரு அலசலிலும் ஒட்டியிருக்கும் மஞ்சளின் ஒரு பங்கு போய்விடும். ஆனால் அலசுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலர் அவசரத்தில் விடுவதும் அதைத்தான். அறுத்த மடலை வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் கால் மணி நேரமாவது சாய்த்து நிறுத்த வேண்டும். மஞ்சள் வழிந்து அடியில் சேரும். அதைக் கொட்டிவிட்டு, மடலைக் கழுவி, அடிப்பக்கம் இரண்டு விரற்கடை நறுக்கி எறியுங்கள், பால் அங்கேதான் அதிகம் தங்கும். இரண்டு ஓரத்து முள்ளையும் நீளமாகச் சீவுங்கள். பிறகு தட்டையான பக்கத்துத் தோலைச் சீவும்போது கஞ்சத்தனம் வேண்டாம். மெலிதாகச் சீவினால் மஞ்சள் செல்கள் சோற்றோடு ஒட்டிக்கொண்டு வரும். கொஞ்சம் சோறு தோலோடு போனால் போகட்டும். கையில் மிஞ்சுவது நிறமில்லாத, கண்ணாடி போன்ற கட்டியாக இருக்க வேண்டும். பச்சையோ மஞ்சளோ தென்பட்டால் அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி அலசுங்கள். கொஞ்ச நேரம் வைத்தபின் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் பால் கலந்திருக்கிறது என்று அறியலாம்.

இந்த ஒரு வெட்டின் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்க அரசின் நச்சியல் திட்டம் 2013இல் வெளியிட்ட அறிக்கை சாட்சி. தோல், பால், சோறு எல்லாம் சேர்த்து அரைத்து, நிறம் நீக்காத முழு மடல் சாற்றைக் குடிதண்ணீரில் கலந்து எலிகளுக்கு இரண்டாண்டு கொடுத்தார்கள். ஆண், பெண் இரண்டு பாலிலும் பெருங்குடலில் கட்டிகள் வந்தன. இதை வைத்து உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, முழு மடல் சாற்றை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ள பொருள் என்ற 2பி பிரிவில் சேர்த்தது. அதற்கும் முன்பே, 2002இல், மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கும் பேதி மருந்துகளிலிருந்து கற்றாழையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விலக்கிவிட்டது. பாதுகாப்பானது என்று காட்டும் தரவைத் தயாரிப்பாளர்கள் கொடுக்கவில்லை. இந்தச் செய்திகளைப் படித்துவிட்டுக் கற்றாழையே விஷம் என்று செடியைப் பிடுங்கிப் போட்டால் அதுவும் தவறு. எலி குடித்தது பாலோடு சேர்ந்த முழு மடல். வடித்து, சீவி, அலசிய சோறு வேறு.

தோலுக்கு வருவோம், கற்றாழையின் உண்மையான இடம் அங்கேதான். நவீன மருத்துவத்தில் அதன் புகழ் 1935இல் தொடங்கியது. எக்ஸ் கதிர் பட்டுத் தோல் புண்ணான ஒரு பெண்ணுக்குப் பச்சை மடலை வைத்துக் குணம் கண்டதாக அமெரிக்காவில் காலின்ஸ் என்ற பெயருள்ள இரு மருத்துவர்கள் எழுதினார்கள். ஒரே நோயாளியின் கதை, ஆனாலும் உலகைச் சுற்றியது. பிற்பாடு முறையாகச் சோதித்தபோது கதிர்வீச்சுப் புண்ணில் கற்றாழை அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. 2002இல் ஆஸ்திரேலியாவில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 225 பெண்களிடம் ஒப்பிட்டதில், சாதாரண ஈரப்பதக் களிம்புதான் வறட்சியையும் வலியையும் நன்றாகக் குறைத்தது. புகழ் எதில் தொடங்கியதோ அதிலேயே பலன் உறுதிப்படவில்லை.

தீக்காயத்தில் நிலைமை கொஞ்சம் மேல். 2007இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் நான்கு ஆய்வுகளையும் அவற்றிலிருந்த 371 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது, கற்றாழை தடவியவர்களுக்கு ஆறும் காலம் சராசரியாக ஏறத்தாழ 9 நாள் குறைந்திருந்தது. ஐந்தாண்டு கழித்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு இன்னும் கறாரான அளவுகோலோடு பார்த்து, எந்தக் காயத்துக்கும் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் எனக்குத் தோன்றுவது: மேலோட்டமான, சிறிய தீக்காயத்துக்குக் கற்றாழைச் சோறு குளிர்ச்சி தரும், ஈரம் காக்கும், ஒருவேளை புண் ஆறுவதையும் விரைவுபடுத்தும். அதற்குமேல் அதை நம்பக் கூடாது. ஆழமான காயத்தில் தீங்கும் வரலாம். 1991இல் அமெரிக்காவில், சிசேரியன் முதலான வயிற்று அறுவைக்குப் பின் தையல் பிரிந்த 21 பெண்களில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்குச் சராசரி 53 நாளில் புண் ஆறியது. கற்றாழைக் களிம்பும் சேர்த்துப் போட்டவர்களுக்கு 83 நாள் ஆயிற்று.

அடுப்படியில் கை சுட்டுக்கொண்டால் முதல் மருந்து குழாய்த் தண்ணீர். ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், இங்க் வேண்டாம், அந்த நேரத்தில் கற்றாழையும் வேண்டாம். சூடு தோலின் அடிவரை இறங்கிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்துவது தண்ணீர் மட்டுமே. அதற்குப் பிறகும் தோல் கிழியாமல், கொப்புளம் இல்லாமல், வெறும் சிவப்பும் எரிச்சலுமாக இருந்தால் அலசிய சோற்றைத் தடவலாம். தோல் உரிந்திருந்தால், கொப்புளம் போட்டிருந்தால், உள்ளங்கை அளவைத் தாண்டியிருந்தால், முகத்திலோ கண்ணருகிலோ பட்டிருந்தால், சுட்டுக்கொண்டது குழந்தையாக இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்தக் கடற்கரைக்கு எட்டாத தூரத்தில் இல்லை. கொல்லையில் அறுத்த மடல் கிருமி நீக்கியது அல்ல, திறந்த புண்ணில் அதை வைப்பது சீழுக்கு வழி.

வலை இழுத்து, வெயிலில் நாளெல்லாம் நின்று வருபவர்களின் தோல் வறட்சிக்கும் எரிச்சலுக்கும் கற்றாழை நல்ல துணை. சோறு தோலில் மெல்லிய படலமாகக் காய்ந்து ஈரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். காய்ந்ததும் மேலே தேங்காய் எண்ணெய் தடவினால் இன்னும் நேரம் நிற்கும். வெயிலில் தோல் கருகாமல் காக்கும் வேலையை அது செய்யாது, அதற்கு முழுக்கைச் சட்டையும் தொப்பியும்தான். தலையில் எண்ணெய்ப்பசையோடு செதில் உதிரும் பொடுகுக்கு 1999இல் இஸ்ரேலில் நடந்த சிறிய ஆய்வு ஒன்று நம்பிக்கை தருகிறது. 30 சதவீதக் கற்றாழைக் குழம்பு தடவியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தேறினார்கள், போலிக் களிம்பு தடவியவர்களில் தேறியவர்கள் சிலர்தான். வாரத்துக்கு இரண்டு முறை தலையில் தேய்த்து, அரை மணி நேரம் ஊறவைத்து அலசிப் பார்க்கலாம். முதல் தடவை எங்கே தடவுவதாக இருந்தாலும் முன்கையின் உள்பக்கத்தில் ஒரு காசளவு தடவி ஒரு நாள் பொறுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் உங்கள் தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாது. பூண்டு, வெங்காயம், லில்லிக் குடும்பச் செடிகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

குடிப்பது பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். காலை நடைப்பயிற்சி நடக்கும் இடங்களில் அருகம்புல் சாறு விற்கும் வண்டியிலேயே கற்றாழை மோரும் கிடைக்கிறது. வண்டிக்காரர் மடலை எப்படிச் சீவுகிறார் என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வடியவிட்டாரா, அலசினாரா, எந்தத் தண்ணீரில் அலசினார்? திருப்தியாக இல்லையென்றால் வெறும் மோர் வாங்கிக் குடியுங்கள். வீட்டில் செய்வதானால் நன்றாக அலசிய சோறு ஒரு மேசைக்கரண்டி, மோர், உப்பு, இஞ்சி, கொத்தமல்லி. வெயில் காலத்தில் எப்போதாவது ஒரு தம்ளர் குடிப்பதில் ஆரோக்கியமான பெரியவருக்குக் கெடுதல் இருக்காது. தினமும் வெறும் வயிற்றில் மாதக்கணக்கில் குடித்தால் சர்க்கரை போகும், கல்லீரல் சுத்தமாகும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் இதையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். பால் கலந்த சாறு தொடர்ந்து உள்ளே போனால் பேதியோடு பொட்டாசியமும் போகும். இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவருக்கும் நீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்கும் அது ஆபத்து. கரியபோளத்தை ஒரு நாளைக்கு ஒரு கிராம் வீதம் பல நாள் சாப்பிட்டுச் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்தானதும் உண்டு. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சிறு குழந்தைகள் உள்ளுக்கு எடுக்கவே கூடாது. சித்த மருத்துவத்தில் குமரி என்ற பெயரில் கற்றாழை சேரும் லேகியங்கள் உண்டு. அவற்றை எடுக்க விரும்புபவர் தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடத்தில் மருத்துவரைப் பார்த்து, தான் சாப்பிடும் ஆங்கில மருந்துகளையும் சொல்லி, அளவு கேட்டு வாங்க வேண்டும். பாட்டிலில் அடைத்த சாறு வாங்கினால் அலோயின் அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கற்றாழைத் தொழில்துறை தனக்குத்தானே வைத்துக்கொண்ட வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு. கடையில் விற்கும் பளிச்சென்ற பச்சைக் களிம்பின் நிறமும் மணமும் சேர்க்கப்பட்டவை, அசல் சோற்றுக்கு நிறமும் கிடையாது மணமும் கிடையாது.

செடியை அடையாளம் தெரியாமல் எடுப்பதும் இந்தப் பகுதியில் நடக்கக்கூடியதே. சாலையோரத்திலும் தண்டவாளத்தோரத்திலும் ஆளுயரம் நிற்கும் ரயில் கற்றாழை அமெரிக்காவிலிருந்து வந்த வேறு குடும்பம். நார் எடுக்க நட்டது. அதன் மடலை ஒடித்தால் சோறு வராது, நார் நாராகப் பிரியும். நுனியில் ஊசி போன்ற கெட்டி முள் இருக்கும். அதன் சாற்றில் மிதக்கும் ஊசிப் படிகங்கள் தோலில் பட்டால் தீயாய் அரிக்கும். சோற்றுக் கற்றாழையின் நுனி மென்மையானது, ஓரத்து முள்ளும் கையால் ஒடியும்.

வீட்டில் வளர்க்க நெம்மேலி மணலைவிடப் பொருத்தமான மண் கிடைப்பது கடினம். மணலும் செம்மண்ணும் பாதிப் பாதி, கொஞ்சம் மக்கிய எரு, அடியில் ஓட்டையுள்ள தொட்டி. மண் முழுக்கக் காய்ந்தபிறகே தண்ணீர். இங்கே கற்றாழையைக் கொல்வது வெயில் அல்ல, ஐப்பசி கார்த்திகை மழை. வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாள்களில் தொட்டியைச் சுவர் ஓரமாக, தாழ்வாரத்துக்கு அடியில் தள்ளி வையுங்கள். அடித்தண்டு கொழகொழத்து நாறினால் வேர் அழுகிவிட்டது. அழுகியதை வெட்டி எறிந்து, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் போட்டுவிட்டு மறுபடி நடலாம். வாசலில் கட்டிய செடியே மாதக்கணக்கில் தாங்கும்போது இதைத் தாங்காதா என்ன. ஒரு செடியிலிருந்து ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வெளிமடலுக்கு மேல் அறுக்க வேண்டாம். அறுத்த சோறு குளிர்சாதனப் பெட்டியில் இருந்தாலும் நாளாக நாளாக நீர்த்துப்போகும். அன்றன்றைக்கு வேண்டிய அளவு எடுப்பதே சரி. நாயும் பூனையும் மடலைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மஞ்சள் பால் அவற்றுக்கும் கெடுதல்.

கற்றாழை தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. அதனால் நம் வீடுகளில் விதை பார்ப்பது அரிது. பரவுவது முழுக்கப் பக்கக் கன்றால்தான். கன்று ஒரு சாண் உயரம் வந்து நாலைந்து மடல் விட்டதும் தாய்ச்செடியிலிருந்து வேரோடு பிரித்து, ஒரு நாள் நிழலில் போட்டு, பிறகு நட்டு, முதல் வாரம் தண்ணீர் காட்டாமல் விடுங்கள். தை மாதம் இதற்கு ஏற்ற காலம், மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஒரு தொட்டியில் கன்று நெருங்கினால் தாய் மடல் மெலிந்துவிடும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது மஞ்சள் பாலை வடிக்கும் முறையையும் சொல்லிக் கொடுங்கள்.